தீவகம் சுற்றி – 5: கடல் தாண்டும் பரல்கள்

ஆனி மாதம், 2024. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காக நின்றேன். சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. பக்கத்துப் படகில் அரிசி மூட்டை, சீமெந்துப் பை, அவற்றின் நடுவே டீசல் பரல்கள். நெடுந்தீவுக்குத் தேசிய மின்கட்டமைப்போடு தொடுப்பு இல்லை. அங்கே எரியும் மின்குமிழ்களுக்கான எண்ணெய் இந்தக் கடலைத் தாண்டியே போகவேண்டும்.

ஒரு மணி நேரம் அலையில் ஆடி இறங்கினேன். முருகைக்கல் வேலிகளின் ஓரமாக நடக்க, மின்நிலையம் கண்ணில் படுமுன் காதில் விழுந்தது. இயந்திரத்தோடு பல வருடம் பழகிய ஊழியர் ஒருவர் வெளியே வந்து பேசினார்.

“சோலர் வந்தால் இந்த மெசினை நிப்பாட்டிவிடலாம்தானே?” என்று கேட்டேன்.

“அப்பிடி லேசில்லை அண்ணை. மெசினைப் பட்டினி போடக்கூடாது. கால்வாசி வேலையோட ஓடினால் கரி பிடிச்சுப் பழுதாப் போகும்.”

நான் அந்தத் தீவில் படித்த முதல் பாடம் இது. டீசல் இயந்திரம் தன் வலுவில் சுமார் 30 வீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் எண்ணெய் முழுதாக எரியாது. ஒவ்வொரு அலகு மின்னுக்கும் குடிக்கும் எண்ணெயும் கூடும். சூரியத் தகடுகளை மட்டும் பூட்டினால் நண்பகலில் வெயில் பெரும்பங்கைச் சுமக்க, இயந்திரம் அரைப்பட்டினியில் தேயும். சரி, நிறுத்திவிடலாம் என்றால், ஒரு முகில் மறைத்த சில விநாடிகளில் மின் சரிந்துவிடும். நின்ற இயந்திரம் அந்த இடைவெளிக்குள் எழும்பிச் சுமையை ஏற்காது. அந்த இடைவெளியைத் தாங்குவது பற்றரி. அதனோடு இணைந்த இன்வேட்டர், மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தானே பிடித்து நிற்கக்கூடியதாக இருந்தால்தான் டீசலுக்கு முழு ஓய்வு கொடுக்கலாம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இப்படியொரு கலப்புத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. சூரியன் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பற்றரி 2,400 கிலோவாட் மணி, துணைக்கு நிற்கும் டீசல் 2,500 கிலோவாட். டீசலின் எண்தான் பெரியதாக இருக்கிறதே என்று முதலில் எனக்கும் மனம் சலித்தது. ஊர்க்காற்றை நினைத்தபோது விளங்கியது. சோளகத்தில் காற்றாலை சுழலும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்தாலும் வெயில் கொளுத்தும். ஐப்பசியில் காற்று திசை மாறும் இடைவேளையில் வானமும் மூடினால் இரண்டும் கைவிடும். அந்த நாட்களில் தீவு முழுவதையும் டீசலே தனியாகத் தாங்கவேண்டும். அன்றாடக் கூலியாக உழைத்த இயந்திரம் இனிக் காவல்காரனாக இருக்கப்போகிறது.

இதற்காகத் தீவு காத்த காலம் அதிகம். 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு வேலை கொடுக்க முடிவானது; இந்தியா கவலை தெரிவித்தது; அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு வேலையை இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு உடன்படிக்கையாகி, 2024 மார்ச் 1இல் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. வல்லரசுகளின் கணக்கு முடியும்வரை பரல்கள் கடல் தாண்டிக்கொண்டே இருந்தன.

பின்னேரம் ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்த ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “பழுதானால் ஆர் தம்பி திருத்துறது?”

ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டிய முதல் வரி அதுதான் என்று நினைக்கிறேன். உப்புக்காற்று தகட்டையும் அறியாது, நன்கொடையையும் அறியாது. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வரமுடியாது. இந்தத் தீவின் பிள்ளைகள் நாலைந்து பேருக்காவது இன்வேட்டரையும் பற்றரியையும் முறையாகப் பழக்கிவிடவேண்டும். உதிரிப்பாகங்களும் இங்கேயே இருக்கவேண்டும்.

திரும்பும் படகில் வெறும் பரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. அடுத்த சோளகத்தில் அவை குறைந்திருக்குமா என்று பார்க்க மறுபடி வருவேன்.

(தொடரும்)