வெறுங்குடம்

என் மகன் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுச் சென்ற சாமான்களில் அந்த யூனிசைக்கிளும் ஒன்று. ஊரடங்குக் காலத்தில் அடம்பிடித்து வாங்கினான், ஓராண்டு மொட்டை மாடியில் ஓட்டினான், பிறகு மறந்துபோனான். 20 அங்குலச் சக்கரம் ஒன்று, அதன்மேல் ஒரு சீட், இரண்டு பெடல். கைப்பிடி கிடையாது, பிரேக் கிடையாது, செயினும் கிடையாது. பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சோடு பூட்டப்பட்டிருப்பதால் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரமும் நின்றுவிடும். பின்னோக்கி மிதித்தால் பின்னோக்கிப் போகும். 2022இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படி அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கீழே தள்ளிவிட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போது வயது 44.

இதையெல்லாம் ஏன் கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டவர்களிடம் பிறகு என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். முதுகுக்கு நல்லது, மன அழுத்தம் குறைகிறது, மூளைக்குப் பயிற்சி. எல்லாவற்றிலும் கொஞ்சம் பொய் கலந்திருந்தது. ஒரு பெண் காலை ஐந்தரை மணிக்கு வீட்டைவிட்டு வெளியே போக ஏதாவது பயன் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் யாரும் பயன்படுத்தாத பூப்பந்துத் தளம் ஒன்று இருக்கிறது. சிமெண்ட் தரை, ஒரு பக்கம் கம்பி வேலி. முதல் மூன்று வாரம் அந்த வேலியை நான் விடவே இல்லை. மகன் தொலைபேசியில் வகுப்பெடுப்பான். "கீழ பாக்காதம்மா. சீட்டுல உக்காரு, பெடல்ல நிக்காத." இந்த இரண்டாவது பாடம்தான் எனக்குக் கடைசிவரை வசப்படாமல் இருந்தது. பயந்த உடம்பு தன் எடையைக் கால்களில்தான் வைத்துக்கொள்ளும். அப்படி வைத்தால் இரண்டே நிமிடத்தில் தொடை நடுங்கும், பெடல்கள் நேர் மேலும் கீழுமாக வரும் இடத்தில் சக்கரம் சிக்கி நின்றுவிடும். எடை முழுவதையும் சீட்டில் இறக்கிவிட்டால்தான் கால் லேசாகிச் சுற்றும். எனக்கோ முழுதாக உட்காரத் தெரியவில்லை. மாமியார் வீட்டுக் கூடத்திலும், துறைக் கூட்டங்களிலும், ஏன், என் சொந்தச் சாப்பாட்டு மேசையிலும்கூட எப்போது எழுந்திருக்கச் சொல்வார்களோ என்று பாதி உட்கார்ந்தே பழகிய இடுப்பு இது.

விழுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிளில் விழுந்தால் வண்டி நம்மேல் விழும். யூனிசைக்கிளில் பெரும்பாலும் வண்டி முன்னாலோ பின்னாலோ நழுவி ஓடிவிடும், நாம் தரையில் நம் இரண்டு காலில் நின்றுகொண்டிருப்போம். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இப்படி இறங்கியிருப்பேன். இறங்குவதையும் விழுவதையும் பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாயிற்று.

நான்காவது மாதம் தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினேன். அடுத்த வருடம், நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஊசலாடி நிற்கக் கற்றேன். கீழே இருக்கும் கால் மட்டும் வேலை செய்யும், மேல்கால் சும்மா பெடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் மகன் ஃப்ளாட்லேண்ட் காணொளிகளை அனுப்ப ஆரம்பித்தான். படிக்கட்டு, சரிவு, திண்டு எதுவும் இல்லாமல் சமதரையில் செய்யும் வித்தைகள் அவை. காலைப் பெடலிலிருந்து எடுத்து டயரின் மேலும், போர்க்கின் தோள்மேலும், கிராங்கின் மேலும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். சீட்டைப் பிடித்தபடி குதித்து, காற்றிலிருக்கும்போதே வண்டியை அரைவட்டம் திருப்பி மறுபடி பெடலில் இறங்குகிறார்கள். எல்லாம் ஒரு சிறிய வட்டத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். யாரும் எங்கும் போய்ச்சேர மாட்டார்கள். அந்தக் குதித்துத் திருப்புவதை நான் தொடவில்லை, துணிச்சல் இல்லை. நான் ஆசைப்பட்டது வீல் வாக்குக்கு. சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதங்களையும் டயரின் மேல் வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக டயரைத் தள்ளித் தள்ளி முன்னே போவது. சக்கரத்தின் மேல் நடப்பது.

தளத்தைச் சுற்றி நடைப்பயிற்சி செய்பவர்கள் உண்டு. நடைக்கு மருத்துவரின் சீட்டு இருப்பதால் அது மதிப்பான காரியம். ஓய்வுபெற்ற ஒருவர் சிரித்துக்கொண்டே, "சர்க்கஸ்ல சேரப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். அந்தச் சொல் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்று யோசித்தபோது என் மேல்தான் கோபம் வந்தது. ஆண்டுதோறும் குறிஞ்சிப்பாட்டு நடத்துகிறேன். விழாக்களத்தில் கயிற்றின் மேல் நடக்கும் ஆடுமகள் அதில் உவமையாக வருவாள். கபிலரின் கண்ணைப் பாராட்டுவேன், அவளுடைய காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சிறுவயதில் எங்கள் தெருவுக்கு வந்த கழைக்கூத்தாடிக் குடும்பத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி கயிற்றில் நடந்தாள். அவள் அம்மா கீழே மேளம் தட்டினாள். நாங்கள் காசு போட்டோம். அதே தெருவில்தான் பெண்கள் சண்டையில் 'கூத்தாடிச்சி' என்று திட்டிக்கொண்டார்கள். சர்க்கஸ் கூடாரங்களில் இந்த ஒற்றைச் சக்கரத்தை ஓட்டிய பெண்களும் அரிசிக்காகத்தான் ஓட்டினார்கள். மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் வைத்துக்கொண்டு நான் விளையாட்டாகச் செய்வதை அவர்கள் செய்ததோடு ஒன்றாக வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் இன்னும் தீரவில்லை.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு திருச்சியில் இருக்கிறார். யூனிசைக்கிளை முதல் முறை பார்த்தபோது சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கேரியரே இல்லையே. இதுல என்னத்தடி தூக்கிட்டுப் போவ?"

அம்மாவுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. நாங்கள் கீரனூர்ப் பக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு 13 வயது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கையெழுத்துப் போடக் கற்ற கையோடு பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலரும் பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த லட்சத்தில் என் அம்மா ஒருத்தி. 33 வயதில், புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, இருட்டிய பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் கற்றார். நான் அதே சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றேன்.

மகளிர் தினக் கூட்டங்களில் இதை எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். தண்ணீர் எடுக்க, காய் விற்க, பிள்ளையைப் பள்ளிக்கு விட, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாக என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வேன். சாய்நாத் இவற்றை எழுதியதோடு, அந்தப் பெண்களுக்குத் தன்மதிப்பே பெரிதாக இருந்தது என்பதையும் எழுதியிருக்கிறார். என் உரைகளில் அந்தப் பகுதி கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்விடும். பயன்களுக்குத்தான் கைதட்டல் விழும்.

2024 பிப்ரவரியில் வீல் வாக் பழகும்போது சக்கரம் முன்னால் ஓடிவிட நான் மல்லாக்க விழுந்தேன். மணிக்கட்டுக் காப்பு அன்று போட்டிருக்கவில்லை. இடது கையை ஊன்றினேன், மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவர் என் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார், ஈஸ்ட்ரோஜன் குறையும் காலத்தில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும் என்று விளக்கினார். சரியான பேச்சுதான். அதற்குப் பிறகு அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து, "இந்த மாதிரி விளையாட்டெல்லாம் இனிமே வேணாம்னு சொல்லுங்க சார்" என்றார்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் சமையலறையில் எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கி இதே அளவுக்கு அடிபட்டிருக்கிறேன். வலது கணுக்கால் பிசகி ஒரு மாதம் நொண்டினேன். அப்போது ஒருவர்கூட "இனிமேல் சமையலறைக்குள் போகாதே" என்று சொல்லவில்லை. வந்த உறவினர்களெல்லாம் ஐயோ பாவம் என்றார்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார்கள். இந்த முறை வந்தவர்கள் கட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார்கள். "உனக்கெதுக்குடி இது?" என்று அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. முதுகு, மூளை, மன அழுத்தம் எல்லாம் கட்டுக்குள் அடங்கிக் கிடந்தன. விட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். யூனிசைக்கிளை மறுபடி மாடிப்படி அறையில் வைக்கச் சொன்னதும் நான்தான்.

கட்டு பிரிப்பதற்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் எனக்குப் பின்ன முடியாது. பின்னிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்பல்லாம் சாயங்காலத்துல நான் கண்மாய்க் கரையில சைக்கிள்ல போவேன் தெரியுமா?"

"தண்ணிக்குத்தானே?"

"தண்ணி காலையிலயே எடுத்தாச்சுல்ல. சும்மா கெளம்புனா எங்க போற, என்னத்துக்குப் போறன்னு ஒங்கப்பத்தா கேக்கும். அதனால ரெண்டு வெறுங்குடத்தக் கேரியர்ல கட்டிக்கிட்டுப் போவேன். கரை முச்சூடும் ஒரு சுத்து. வர்றப்ப ஒரு கொடத்துல மட்டும் தண்ணி புடிச்சுட்டு வந்துருவேன்."

"ஏம்மா ஒரு கொடத்துல மட்டும்?"

"ரெண்டுலயும் புடிச்சா கனக்குமில்ல. வேகமா வர முடியாது."

நான் திரும்பிப் பார்க்கப் போனேன். தலையை ஆட்டாதே என்று பின்னலை இழுத்தார். எத்தனை நாள் அப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். அப்பா மொபெட் வாங்கி, சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடும்வரை என்றார். ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். அம்மா தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று நானும் நம்பினேன். அதை வைத்து மேடையில் கைதட்டலும் வாங்கினேன்.

கட்டு பிரித்து, கை பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. ஜூலையில் மறுபடி தளத்துக்குப் போனேன். இப்போது இரண்டு மணிக்கட்டுக்கும் காப்பு, முழங்காலுக்கும் காப்பு. விழும்போது கையை ஊன்றாமல் மடித்துக்கொண்டு பக்கவாட்டில் உருளவும் பழகிவருகிறேன், இது வித்தையைவிடக் கஷ்டமாக இருக்கிறது. கணவர் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, "காப்பு போட்டியா?" என்று மட்டும் கேட்டார். நடைப்பயிற்சிக்காரரிடம், "சர்க்கஸ்ல எடுக்க மாட்டேங்குறாங்க சார், வயசாயிடுச்சாம்" என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

சனிக்கிழமைகளில் அம்மாவும் வருகிறார். 67 வயது, முழங்கால் வலி. சிமெண்ட் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து டம்ளரில் காப்பி குடிப்பார். நான் வேலியைப் பிடித்து ஏறுவேன். ஓட ஆரம்பித்ததும் ஒரு காலை எடுத்து டயரில் வைக்க வேண்டும், பிறகு மற்றதை. இரண்டாவது பாதம் பெடலைவிட்டு வரும் அந்த நொடியில் வயிறு இப்போதும் கலங்குகிறது. பிறகு வலது, இடது, வலது. டயரின் சொரசொரப்பு செருப்பின் அடியில் தட்டும். அம்மா அங்கிருந்து சத்தமாக எண்ணுவார்.

போன சனிக்கிழமை சக்கரம் நழுவி நான் இறங்கி நின்றபோது, "எட்டு!" என்றார்.

"ஏழுதாம்மா."

"நான் எட்டுன்னு எண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு மீதிக் காப்பியைக் குடித்தார்.