கரியும் துருவும்

கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு செல்லும் சாலையில் ஒரு காயலாங்கடை இருக்கிறது. 4 ஆண்டுகளுக்கு முன், பழைய மிதிவண்டிச் சங்கிலி ஒன்றைத் தேடி அங்கே நுழைந்த நான், மூன்று கால்களில் ஒன்றை இழந்து வயிற்றில் மழைநீர் தேங்கிக் கிடந்த ஓர் உருண்டை அடுப்புடன் வெளியே வந்தேன். அயல்நாட்டுப் பொறியாளர் யாரோ ஊர் திரும்பும்போது விட்டுச் சென்றதாம். "நாளைக்கு வந்திருந்தா உலைக்குப் போயிருக்கும் வாத்தியாரே" என்றார் கடைக்காரர். கும்மிடிப்பூண்டியின் உருக்கு உலைகள் எப்போதும் பசியோடிருப்பவை. எங்கள் வட்டாரத்தில் உடையும் இரும்பெல்லாம் பெரும்பாலும் அங்கே போய்க் கட்டடக் கம்பியாக மறுபிறவி எடுக்கிறது. 700 ரூபாய் கொடுத்து அந்த அடுப்பின் மறுபிறவியைத் தள்ளிவைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்தபோது என் மனைவி கேட்ட முதற்கேள்வி, "நாம் சைவமாயிற்றே?" என்பது. நியாயமான கேள்விதான். இன்றுவரை அதற்கு என்னிடம் விடையில்லை.

பார்பிக்யூ என்ற சொல்லைத் தேடிப் போனால் அது கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடம் கொண்டு விடுகிறது. தீக்கு மேலே கட்டப்பட்ட மரச்சட்டகத்துக்கு அவர்கள் வைத்த பெயர், ஸ்பானியர் வாயில் 'பார்பகோவா' ஆகி அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. நம் 'பரண்' நினைவுக்கு வராமலில்லை. ஆனால் ஓசை ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடும் விளையாட்டில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் வாங்கி வந்த உருண்டை வடிவத்துக்கும் ஒரு கதை உண்டு. சிகாகோவில் உலோக மிதவைகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952இல் மிதவையொன்றைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றும் மழையும் நெருப்பைக் கெடுக்காதிருக்க ஒரு மூடி வேண்டும் என்பதே அவர் கவலை.

அந்த வாரம் வகுப்பில் பொருநராற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தேன். கரிகாலனின் விருந்தில் இரும்புக் காழில் கோத்துச் சுட்ட ஊனைத் தின்று தின்று, நிலத்தை உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கிப்போனதாகப் பொருநன் சொல்லும் இடம். "பார்பிக்யூவா சார்?" என்றான் கடைசி வரிசை மாணவன். அன்றைக்கு அவனுக்குத்தான் பாடல் புரிந்திருந்தது.

துருவை நீக்குவது பொறுமையின் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அது நேரம் பார்க்கும் வேலை. வார்ப்பிரும்புத் தட்டியை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்தால் துரு கழன்றுவரும். சோம்பலில் இரண்டாம் இரவும் விட்டுவிட்டால், துரு தீர்ந்து இரும்பையே அமிலம் தின்னத் தொடங்கும். என் முதல் தட்டி அப்படித்தான் பல்லிளித்தது. ஊறியதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சோடா உப்பு கரைத்த நீரில் அலசி, வெயிலில் ஈரமறக் காயவைக்க வேண்டும். பிறகு எண்ணெய். இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்கு மெல்லியதாகப் பூசிப் புகையும்வரை சூடேற்றினால், எண்ணெய் இறுகிக் கருந்தோலாக இரும்பின்மேல் படிந்துவிடும். நான்கைந்து முறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். தாராளமாகப் பூசினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். பீங்கான் பூச்சுள்ள மூடிக்குக் கம்பித் தூரிகை ஆகாது. பூச்சு பெயர்ந்த இடத்திலெல்லாம் அடுத்த மழைக்குத் துரு குடியேறும். உடைந்த தட்டிக்குப் பதிலாக நாகம் பூசிய கம்பிவலையை ஒருமுறை வெட்டிப் பொருத்தப் பார்த்தேன். பற்றவைப்புப் பட்டறை முதியவர் அதைப் பிடுங்கி எறிந்தார். அந்தப் புகை பட்டால் இரவு குளிர்காய்ச்சல் வருமென்பதை அவர் உடம்பு அறிந்து வைத்திருந்தது.

இதுவரை 21 அடுப்புகளை விற்றிருக்கிறேன். வாங்குவோர் பெரும்பாலும் சென்னை மொட்டைமாடிக்காரர்கள். லாபக் கணக்கை வீட்டில் காட்டுவதில்லை.

தேர்வாய் கண்டிகையில் எங்கள் எதிர்வீட்டு ஆயா, நான் ஒவ்வோர் அடுப்பையும் கொளுத்திச் சோதிப்பதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார், "இம்மாங் கரி எங்கர்ந்து சாரு வருது?" இராமநாதபுரம் பக்கத்து வேலிக்காத்தான் கரி, மூட்டையாக வாங்குகிறேன் என்றேன். "காசு குடுத்தா?" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததன் பொருள் பிறகு விளங்கியது. பேருந்து நிறுத்தத்தில் பல ஆண்டுகள் சோளக்கதிர் சுட்டு விற்றவர் அவர். விறகு ஊர்க்காட்டிலிருந்து வந்தது. வீட்டு அடுப்பில் எரிந்து கனன்ற கொள்ளியில் நீர் தெளித்து அணைத்தால் மாலைக்கு வேண்டிய கரி. ஆகச் செலவு, நடைதான். ஆடுமாடு மேய்ந்த அந்தக் காடு, ஏறத்தாழ 1100 ஏக்கர், சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போயிற்று. பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலினோடு அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது 2009இல். ஊரார் போராடினார்கள், 2012இல் பிரான்சு வரைகூடப் புகார் போனது. டயர் ஆலை வந்தது, வேலையும் சிலருக்கு வந்தது. என் வாடகை வீடும், காயலாங்கடைக்கு வந்து சேரும் அயல்நாட்டு அடுப்புகளும் அந்த வரவின் கணக்கில்தான் சேரும். கரியைக் கடையில் வாங்கிச் சோளம் சுட்டால் கட்டாது என்று ஆயா தம் அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டார்.

அதைத்தான் ஒரு காலையில் கொண்டு வந்து என் முற்றத்தில் வைத்தார். தடித்த தகட்டில் செய்த குமுட்டி. காற்று வாய்க்கு மேலே விசிறியின் அடிபட்டு வழவழத்த விளிம்பு. "இத்தையும் சரி பண்ணி வித்துடு சாரு." ஆடிய காலை வெட்டிப் புதுக்கால் பற்றவைத்தேன். மற்ற எதற்கும் எடுக்காத சிரத்தையை இதற்கு எடுத்துக்கொண்டேன் என்பது உண்மை. அண்ணாநகரிலிருந்து வந்த இளம் தம்பதியர் பேரம் பேசாமல் 3000 ரூபாய் கொடுத்தார்கள். வரவேற்பறையில் மணிபிளான்ட் வைக்கப் பொருத்தமாக இருக்குமென்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே காரில் ஏற்றினார்.

பணத்தை அப்படியே கொடுத்தேன். ஆயா எண்ணிப் பார்த்து, பற்றவைத்த கூலி என்று 200 ரூபாயைத் திருப்பித் தந்தார். வாங்க மறுத்தால் கோபித்துக்கொள்வார். பிறகு கேட்டார்.

"இன்னா சுடறாங்களாம் அதுல?"

"சோளந்தான் ஆயா" என்றேன். 20 ஆண்டுகளாக வகுப்பில் வாய்மை அதிகாரம் நடத்துகிறவன்.

முகம் மலர்ந்துபோயிற்று. "கால் ஒண்ணு ஆடும். ஓட்டுச்சில்லு அண்டக் குடுக்கச் சொல்லு சாரு. இல்லாங்காட்டி நெருப்பு ஒரு பக்கமாச் சாயும், கதிரு கருகிப்பூடும்."

சொல்கிறேன் என்றேன்.