இடுப்பு வரைக்கும் ஆபீஸர்

சட்டை எடுக்கப் போகும் ஆண்பிள்ளைக்கு ரொம்ப காலமாக இரண்டே கேள்விகள்தான். என்ன விலை? சாயம் போகுமா? இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் சொல்லும் பதிலை நம்பாமல், ஆனால் நம்பிய மாதிரி தலையாட்டிவிட்டு, பில் போட்டு வந்துவிடுவோம். 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடம், காலேஜ், டியூஷன் எல்லாம் செல்போனுக்குள் குடியேறியபோது மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. 'இது கேமராவுக்கு ஒத்துக்குமா?'

அதுவரை இது சினிமாக்காரர்கள் கவலை. நியூஸ் வாசிப்பவர்கள் கவலை. அந்தக் காலத்தில் சென்னைத் தொலைக்காட்சியில் ஷோபனா ரவி செய்தி வாசித்தால், மறுநாள் பேச்சு செய்தியைப் பற்றி இருக்காது, புடவையைப் பற்றித்தான் இருக்கும் என்று அம்மா சொல்வாள். இன்றைக்கு அன்னூரில், சத்தி ரோட்டை ஒட்டி ஒரு மாடி ரூமில் உட்கார்ந்து டேலியும் ஜி.எஸ்.டி.யும் நடத்துகிற பி.காம். ஆசாமியான நானும் பீரோ முன்னால் நின்று யோசிக்கிறேன்.

என் மாணவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் பில் போடுபவர்கள், அவினாசியில் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் அடுக்குபவர்கள். ராத்திரி எட்டரைக்கு மேல், சாப்பிட்டுக்கொண்டே போனில் பார்ப்பார்கள். அந்தத் திரையில் என் முகம் பொட்டுக்கடலை சைஸ். சட்டை அதைவிடப் பெரிசு. ஆக, பாதிப் பாடத்தை நடத்துவது சட்டைதான்.

முதலில் நான் சேர்ந்த கம்பெனி (பேர் வேண்டாமே!) ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆசிரியர்கள் 'பிசினஸ் கேஷுவல்' அணியவேண்டும் என்று. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கேஷுவல்னா லீவுதானே கண்ணு? லீவு போட்டுட்டு எப்படிப் பாடம் நடத்துவே?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை கம்பெனியிடமிருந்து பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமராவுக்கு ஆகாத முதல் எதிரி பொடிக்கட்டம். தறி ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கொசுவலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். இல்லாத அலைகள் எல்லாம் தெரியும். ஒரு வலையைக் கொஞ்சம் அசைத்தால் அலை மொத்தமும் நெளியும். கேமராவுக்குள் இருக்கும் சென்ஸாரே ஒரு பொடிக்கட்டத் துணிதான். வரிசை வரிசையாகப் புள்ளிகள். அந்தக் கட்டத்தின்மேல் உங்கள் சட்டைக் கட்டம் போய் உட்கார்ந்தால் கொசுவலைக் கதைதான். இதற்கு 'மொய்ரே' என்று பேர். எனக்குத் தெரிந்த காஸ்டிங் வாத்தியார் ஒருவர் பொடிக்கட்டச் சட்டையில் மார்ஜினல் காஸ்டிங் நடத்தினார். அரை மணி நேரம் கழித்து ஒரு பையன் பவ்யமாகக் கேட்டான்: "ஏனுங்க சார், உங்க சட்டை ஓடிட்டே இருக்குதுங்களே... எனக்கு மட்டுந்தானுங்களா?"

பெரிய கட்டம், பட்டைக்கோடு என்றால் அவ்வளவு தொல்லையில்லை. பவானி ஜமக்காளத்தைப் பின்னால் திரையாகக் கட்டிக்கூட நடத்தலாம். பாடத்தை யார் கவனிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது எதிரி, நம் கொங்கு மண்ணின் தேசிய உடையான வெள்ளைச் சட்டை. கேமரா ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. மொத்த வெளிச்சத்தையும் கூட்டி சராசரி பார்க்கும். சட்டை பளீரென்று இருந்தால், 'ஆஹா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும். சட்டைக்குத் தண்டனை, முகத்துக்கு இருட்டு. கறுப்புச் சட்டை போட்டால் உல்டா. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். நடுவாந்திரக் கலராக நீலம், மெரூன் என்று போனால் பிழைத்தோம்.

பச்சை? பின்னால் பச்சைத்திரை கட்டி, அதை அழித்து கம்ப்யூட்டரில் வேறு படம் வைக்கும் ஸ்டூடியோ என்றால் வேண்டவே வேண்டாம். திரையோடு சட்டையும் அழியும். தலையும் இரண்டு கையும் மட்டும் பேலன்ஸ் ஷீட் போடும். ஏன் பச்சையைப் பிடித்தார்கள் என்றால், கோடக் கம்பெனியில் ப்ரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பில், சென்ஸாரின் புள்ளிகளில் பாதி பச்சைக்கே ஒதுக்கப்பட்டது. மனிதக் கண்ணுக்குப் பச்சையில்தான் கூர்மை அதிகம் என்பதால். சிவப்புக்குக் கால், நீலத்துக்குக் கால். இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இந்தப் பங்கீடுதான். இட ஒதுக்கீடு எங்கெல்லாம் இருக்கிறது பாருங்கள்!

கஞ்சி போட்ட சட்டையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு கையை ஆட்டினால் மொடமொடவென்று அப்பளம் நொறுக்குகிற சத்தம். அதே மைக்குக்கு ஃபேன் சத்தமும் ஆகாது. ஃபேனை நிறுத்தினால் சித்திரை மாதத்தில் மாடி ரூம் அவியும். வெளிர்நீலச் சட்டை கக்கத்தில் கருநீலமாக மாறும். வெளிர்நீலம்தான் கேமராவுக்கு உகந்தது என்று எழுதுகிறவர்கள் எல்லாம் ஏ.சி. ரூமில் இருப்பவர்கள்.

இடுப்புக்குக் கீழே சுதந்திரம். 2020 மார்ச்சிலேயே அமெரிக்காவில் வால்மார்ட் அதிகாரி ஒருவர், மேல்சட்டை விற்பனை ஏறுகிறது, பேண்ட் ஏறவில்லை என்று சொன்னார். அன்னூரில் அதற்கு சர்வே தேவையில்லை. மேலே ஃபார்மல் சட்டை, கீழே கைலி. மேற்படி காஸ்டிங் வாத்தியார் லைட் ஸ்விட்சைப் போட சடக்கென்று எழுந்தார். நாற்பது பேர் கைலியைப் பார்த்தார்கள். வேட்டியாக இருந்தால் கௌரவமாகத் தப்பியிருப்பார். 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிய ஐகோர்ட் நீதிபதியை உள்ளே விடவில்லை என்று பெரிய ரகளையாகி, அந்த வருஷமே தமிழக அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. கைலிக்கு அப்படிச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

இத்தனை தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்கியவரும் உண்டு. கான் அகாடமி சல்மான் கான். (இந்தி நடிகர் இல்லை.) அமெரிக்காவில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, 2006-ல் யூ-ட்யூபில் வீடியோ போட்டவர். கறுப்புத் திரை, கலர் எழுத்து, குரல். முகமே இல்லை. அந்த வீடியோக்களை அவர் பதிவு செய்தது வீட்டில் துணிமணி வைக்கிற சின்ன அறையில் என்பதுதான் வேடிக்கை. சுற்றிலும் சட்டை, எதையும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை!

எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பையன்கள் முகம் கேட்கிறார்கள். ஆகவே ஒரு மெரூன் சட்டையை கோர்ஸ் சட்டையாக நியமித்துவிட்டேன். நாற்பது பாடமும் அதே சட்டை. சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி.யில் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்தார்கள். விகிதம் பற்றிய பாடத்தில் பதினைந்து நிமிஷத்தைப் புதிதாக எடுத்து நடுவில் ஒட்டவேண்டும். சட்டை மாறினால் ஒட்டு தெரியும். அதே மெரூனைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அதையே உதாரணமாகவும் சொன்னேன். "இந்தச் சட்டை ஆயிரத்து முந்நூறு ரூபாய். ஆயிரத்தைத் தாண்டியதால் அப்போது 12 சதவீதம். இப்போது இரண்டாயிரத்து ஐந்நூறு வரை 5 சதவீதம்தான். அதற்கு மேலே போனால் 18." இந்தப் பாடத்தை ஒருத்தரும் மறக்கவில்லை.

இங்கேதான் அக்கா கதை வருகிறது. அக்காவும் ஆன்லைனில் ப்ளஸ் டூ கணக்கு எடுக்கிறாள். என் ஒரே சட்டையைப் பற்றி ஒரு வருஷத்தில் ஒரு வரி வந்ததில்லை. அக்கா ஒரே சேலையை வாரத்தில் இரண்டாம் தடவை கட்டினால் சாட்டில் உடனே வரும்: 'மிஸ், முந்தாநாள் கட்டின சேலைதானே?' இன்னொன்று: 'இந்தக் கலர் உங்களுக்கு சூட் ஆகலை.' அதற்குமேல் வந்ததை எல்லாம் எழுத முடியாது. அனுப்பியவனுக்குப் பேரும் இருக்காது. வெறும் 'கிங்', 'தல', இப்படி.

ஆஸ்திரேலியாவில் கார்ல் ஸ்டெஃபனோவிக் என்ற டி.வி.க்காரர் இதைச் சோதித்தே பார்த்தார். கூட நிகழ்ச்சி நடத்திய லிசா வில்கின்சனின் உடைக்கு விமரிசனம் குவிவதைப் பார்த்துவிட்டு, தான் ஒரே நீல கோட்டை ஒரு வருஷம் போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014-ல் அவரே வெளியே சொன்னபிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அக்கா வேலை பார்த்த பழைய தனியார் பள்ளியில் டீச்சர்கள் சேலைக்கு மேல் போடும் ஓவர்கோட் ஒன்று பரணில் கிடந்தது. அதை எடுத்துப் போட்டாள். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் தோட்டைப் பற்றி எழுதினார்கள். அன்றைக்கு ராத்திரி கேமராவை மூடிவிட்டு குரலில் மட்டும் நடத்தினாள். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. முகம் தெரியாவிட்டால் பிள்ளைகள் பாதியில் ஓடிவிடுவார்களாம், சம்பளம் குறையுமாம். "விட்டுடலாமாடா?" என்று கேட்டாள். மாமா மெஷின் ஷாப்பில் ஆர்டர் இல்லாத சமயம். அந்த மாதம் வீட்டுக்கு வந்தது அக்கா சம்பளம் மட்டும்தான்.

நான் சொன்ன யோசனை ஒன்றும் பெரிசில்லை. சாட்டை மூடு, சந்தேகத்தை வாட்ஸ்அப்பில் பேரோடு அனுப்பச் சொல், நம்பர் என்னுடையதாக இருக்கட்டும். கம்பெனி முதலில் முனகியது, பிறகு சரியென்றது. முதல் வாரம் வந்தது மொத்தம் நாலே மெஸேஜ். அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது, பிள்ளைகள் போய்விட்டார்களோ என்று. போகவில்லை. இரண்டாம் வாரம் இருபதைத் தாண்டியது. பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். சாட்டில் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தவர்கள்.

இப்போது அக்கா ஓவர்கோட்டைத் திரும்பப் பரணில் போட்டுவிட்டாள். நெகமம் காட்டன் சேலை மூன்று, மாற்றி மாற்றி. நான் பொடிக்கட்டம் மட்டும் வேண்டாம் என்றேன். "உன் கொசுவலைக் கதை எனக்கும் தெரியுண்டா" என்றாள். போன செவ்வாய்க்கிழமை புளியம்பட்டிப் பெண் ஒருத்தி அனுப்பியிருந்தாள்: 'மிஸ், இன்டெக்ரேஷன்ல மூணாவது ஸ்டெப்புல மைனஸ் எப்படி வந்துச்சுங்க?' அக்காவுக்கு அனுப்பினேன். பதினொரு மணிக்கு, ரூல்டு பேப்பரில் முழுக் கணக்கையும் எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஓரத்தில் கொஞ்சம் சேலை முந்தானை தெரிந்தது. பச்சைக் கலர்.