கல்யாண்பூரில் ஓர் ஓடுபாதை

கான்பூர் என்றதும் நம்மவர் பலருக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும், மூடிக் கிடக்கும் பஞ்சாலைகளும், சென்ட்ரல் நிலையத்தின் நெரிசலுமே நினைவுக்கு வரும். இந்நகருக்கு வேறொரு முகமும் உண்டு. கிழக்கே சக்கேரியில் விமானப் படைத்தளமும் விமானத் தொழிற்சாலையும் இருக்கின்றன. இந்தியாவில் கட்டப்பெற்ற முதல் ஆவ்ரோ விமானம் 1961 நவம்பர் முதல் தேதியன்று இங்கிருந்துதான் மேலெழுந்தது. மேற்கே கல்யாண்பூரில், ஐ.ஐ.டி. வளாகத்துக்குள், மாணாக்கர் பாடம் கற்பதற்கென்றே ஓர் ஓடுபாதை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டு பதினோராண்டுகளாகக் குடியிருக்கிறேன்.

அந்த ஓடுபாதையைப் பற்றி எழுதக் காரணம், நம் சங்கத்து அன்பர் ஒருவரின் வீட்டில் எழுந்த விவாதம். அவருடைய மகள் அங்கே விமானப் பொறியியல் பயில்கிறாள். "பெண் குழந்தை ஆகாய விமானம் ஓட்டப் போகிறாளா?" என்று பாட்டிக்குக் கவலை. ஓட்டுவதற்கான படிப்பு அதுவல்ல என்று தெரிந்ததும், "ஓட்டவும் போவதில்லையென்றால் எதற்கு அந்தப் படிப்பு? கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற முடியுமா என்று கேட்டுப் பார்" என்று தகப்பனாருக்குக் கவலை. நேரில் பார்த்துவிட்டுப் பேசலாமே என்று அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

போவது இப்போது எளிது. 2021 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோவின் ஒரு கோடியில் உள்ள நிலையம் ஐ.ஐ.டி.யின் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்தக் கழகம் 1959-ல் ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கழகத்தின் சிற்றுண்டிச்சாலைக் கட்டடத்தில், ஓர் அறையில் பிறந்தது என்றால் இன்று நம்புவது கடினம். 1963-ல் கிராண்ட் டிரங்க் சாலையோரத்து இந்த இடத்துக்கு வந்தது. 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்கள் இதற்குத் துணை நின்றன. வகுப்பறையிலிருந்து நடந்துபோய் விமானத்தில் ஏறிச் சோதனை செய்யும் வசதி நம் நாட்டு மாணாக்கருக்கு அரிது. பிற கல்லூரிகளின் மாணாக்கரும் அதற்காகவே இங்கு வந்து போகிறார்கள்.

ஓடுபாதையருகே ஒற்றை எஞ்சின் பொருத்திய சிறு விமானம் நின்றது. பறப்பதற்கு முன் நடந்த காரியத்தைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சரக்குக் கொட்டகைக்கே திரும்பிவிட்டேனோ என்று தோன்றியது. மாணாக்கர் ஒவ்வொருவராகத் தராசில் ஏறி நின்றனர். இன்னார் இத்தனை கிலோ, எரிபொருள் இத்தனை கிலோ, கருவிகள் இத்தனை கிலோ என்று பதிவாயிற்று. பிறகு ஒவ்வொரு எடையையும் அது வைக்கப்படும் இடத்தின் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தார்கள். கிடைக்கும் எண்தான் விமானத்தின் ஈர்ப்பு மையம் நிற்கும் இடம். அது குறித்த எல்லைக்குப் பின்னே போய்விட்டால் விமானம் விமானியின் பிடிக்கு அடங்காது. ஆகவே யார் முன்னே அமர்வது, யார் பின்னே அமர்வது என்பதைத் தராசு தீர்மானிக்கிறது. வயதும் மரியாதையும் அல்ல.

"மேலே போய் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"எழுதுவோம், மாமா" என்றாள் அந்தப் பெண்.

உண்மைதான். உயரம், வேகம், வெளிக்காற்றின் வெப்பம், எஞ்சின் சுழற்சி, நேரம் ஆகியவற்றை முழங்காலில் வைத்த அட்டையில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். விமானி ஒரே உயரத்தில் ஒரு வேகத்தைச் சில நிமிடம் நிலையாகப் பிடிப்பார், குறிப்பார்கள். வேகத்தைக் குறைப்பார், மறுபடியும் குறிப்பார்கள். தரைக்கு வந்து அந்த எண்களைக் கோட்டுப் படமாக வரைந்தால் வியப்பான ஒன்று புலப்படும். ரயிலை மெதுவாக ஓட்டினால் எஞ்சினுக்குச் சிரமம் குறைவு. இது எங்களுக்கு அரிச்சுவடி. விமானத்துக்கு அப்படியல்ல. வேகத்தோடு வளரும் காற்றுத் தடை ஒன்று. இறக்கை எடையைத் தாங்குவதற்காகக் கொடுக்கும் விலை போன்ற தடை மற்றொன்று. இது வேகம் குறையக் குறைய வளரும். இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருப்பது நடுவிலுள்ள ஒரு வேகத்தில்தான். அதற்கும் மிகவும் கீழே போனால், மெதுவாகப் பறப்பதற்கே எஞ்சின் அதிகமாக உழைக்க வேண்டும்; இன்னும் மெதுவாகப் போனால் இறக்கை தாங்குவதை விட்டுவிடும். திரும்பும்போது இதில் இன்னும் கவனம் வேண்டும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை இருமடங்கு எடையைத் தாங்குகிறது. நேராகப் பறக்கையில் போதுமாயிருந்ததைப் போல் 1.41 மடங்கு வேகமாவது அதற்கு வேண்டும்.

இந்தப் பாடத்துக்குக் கான்பூரின் பருவங்களே நல்ல ஆசிரியர்கள் எனலாம். விமானக் கணக்குகளெல்லாம் கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பமுள்ள ஒரு கற்பனைக் காற்றை அடிப்படையாகக் கொண்டவை. குளிர்நாட்டார் வகுத்த அளவு போலும்! மே மாத நண்பகலில் இங்கே 44 பாகை. காற்று விரிந்து இலேசாகிவிடுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 125 மீட்டரே உள்ள இவ்வூரின் காற்று, அப்போது 1,200 மீட்டர் உயரத்துக் காற்றுக்கு ஒப்பாகிறது. இறக்கைக்குத் தாங்கும் காற்று குறைவு, சுழலிக்குத் தள்ளும் காற்று குறைவு, எஞ்சினுக்கு மூச்சுக்காற்றும் குறைவு. மூன்றும் சேர, மேலெழ அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கனமானது என்று நினைப்போம். நீராவி காற்றைவிட இலேசானது, ஆகையால் மழைக்காலப் புழுக்கமும் விமானத்துக்கு அனுகூலமல்ல. ஜனவரியிலோ காற்று அடர்ந்து, எஞ்சின் உற்சாகமாக உழைக்கும். ஆனால் மூடுபனியில் ஓடுபாதையின் மறுகோடி தெரியாது. தாங்கும் காற்று உள்ளபோது பார்வையில்லை. பார்வை உள்ளபோது தாங்கும் காற்றில்லை. மூடுபனிக் காலத்தில் தண்டவாளத்தில் பட்டாசு வைத்துச் சிக்னலை அறிவித்த பரம்பரையைச் சேர்ந்த எனக்கு இது நன்றாகவே விளங்கிற்று.

இதே கணக்கு பெரிய விமானங்களையும் ஆள்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 3,200 மீட்டருக்கும் உயரத்திலுள்ள லே நகரின் விமானங்கள் பெரும்பாலும் காலையில் வந்து காலையிலேயே திரும்பிவிடுவது, வெயிலேறிக் காற்று இலேசாவதற்கும் மலைக்காற்று எழுவதற்கும் முன் புறப்பட வேண்டியிருப்பதால்தான். அங்கே சில நாள் ஏற்றும் சுமையையும் குறைக்க நேரிடும். நம் ஊர்ப் பயணத்தில் பெட்டிக்கு விதிக்கும் வரம்பு முழுவதும் இந்தச் சாஸ்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் வியாபாரமே அதிகம்.

எண் தவறினால் என்னாகும் என்பதற்குப் பெண் சொன்ன உதாரணம், எழுதுகோல் பிடிப்பவர் எவரையும் திடுக்கிடச் செய்யும். 1983 ஜூலை 23 அன்று கனடா நாட்டு போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டியிருந்தது. ஒரு லிட்டரின் எடையைக் கிலோவில் 0.8 என்று கொள்வதற்குப் பதிலாக, பவுண்டில் 1.77 என்ற எண்ணைக் கொண்டு கணக்கிட்டுவிட்டார்கள். பாதிக்கும் குறைவாகவே எரிபொருள் ஏறிற்று. நடுவானில் இரு எஞ்சின்களும் நின்றன. விமானிகள் அதைச் சறுக்கவிட்டே கிம்லி என்னும் ஊரின் பழைய ஓடுபாதையில் இறக்கினார்கள்; ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இதைக் கேட்ட பிறகு தகப்பனார் வெகு நேரம் பேசவில்லை. பின்பு, "இந்தக் கணக்கைப் பார்ப்பவருக்கு எங்கே வேலை?" என்று மட்டும் கேட்டார். விமானக் கம்பெனிகளின் இயக்கப் பிரிவுகள், விமானம் கட்டும் தொழிற்சாலைகள், ஆராய்ச்சிக் கூடங்கள் என்று அவள் அடுக்கினாள். விமானி உரிமம் வேறு வழி. வணிக உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், செலவும் மிகுதி. நான் என் பங்குக்கு ஒரு பெயரைச் சொன்னேன். 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவர், விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக வந்து விமானியாகும் வாய்ப்பை இழந்தார். பிறகு அரசுப் பணியில் இதே கான்பூருக்கு அனுப்பப்பெற்று, நாட் என்னும் சிறு போர்விமானம் நம் வெப்பத்தில் எவ்வாறு இயங்குகிறது என்ற சோதனையில் பங்குகொண்டார். அப்துல் கலாமைத்தான் சொல்கிறேன். பாட்டியிடம் இதை அவரே சொல்லட்டும் என்று தகப்பனாரிடம் ஒப்படைத்துவிட்டேன். பிரிவு மாறும் பேச்சு, எனக்குத் தெரிந்தவரை, அதன்பின் அவ்வீட்டில் எழவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், இரசாயனம் எடுக்கும் நம் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதி இப்பிரிவில் சேரலாம். பார்க்க விரும்பும் அன்பர்கள், அங்கே பயில்வோர் எவரேனும் மூலம் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்வது நலம். நவம்பரோ பிப்ரவரியோ ஏற்ற காலம். ஜனவரியில் போனால் பனி விலகும்வரை தேநீர்க் கடையில் காத்திருக்க நேரும்.