பதினேழு சிசி

என் அக்கா மகனுக்கு இப்போது 22 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தார். நெடுஞ்சாலையில் கார்ப் பந்தயமாம், பையன் காவல் நிலையத்தில் இருக்கிறான் என்று அழுதார். நான் போய் அழைத்து வந்தேன். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னேன்: "ஓட்டணும்னா சர்க்கிட்ல ஓட்டு. காரை நான் கட்டித் தரேன். ரோட்டுல மட்டும் வேணாம்டா."

வாய் தவறிச் சொன்ன வார்த்தை இல்லை. என்ஜின் ரீபோர் செய்யும் பட்டறையில் 18 வருடம் வேலை பார்த்தவன் நான். லாரி, டாக்சி என்று எத்தனையோ என்ஜின்கள் இந்தக் கையில் பட்டிருக்கின்றன. ஆனால் பந்தயத்துக்கென்று ஒரு பிளாக்கை நானே தேர்ந்தெடுத்ததில்லை.

டிராக் ரேஸ் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் 402 மீட்டர், அதாவது கால் மைல், நேராக ஓட வேண்டும். அவ்வளவுதான். பெரிய என்ஜினோடு சின்ன என்ஜின் மோதக் கூடாது என்பதற்காகப் பிரிவுகள் வைத்திருப்பார்கள். நாங்கள் குறி வைத்தது 1,600 சிசிக்கு மேற்படாத, டர்போ இல்லாத பிரிவு. சில இடங்களில் தேய்மானத்துக்கு ரீபோர் செய்துகொள்ளக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த விதித்தாளில் அதெல்லாம் இல்லை. 1,600 என்றால் 1,600.

ஒரு பழைய புரோட்டோன் வீரா 1.6 மலிவாகக் கிடைத்தது. முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் பார்க்காமல் ஓட்டியதில் கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஹெட் நன்றாக இருந்தது. ஆக, வேண்டியது ஒரு பிளாக்.

பையன் முதல் நாளே கணக்கோடு வந்தான். "மாமா, 1.8 பிளாக் போட்டுடலாம். 4ஜி93. வெளியில பார்த்தா யாருக்குத் தெரியும்?"

அவன் சொன்னதில் பாதி உண்மை. 1.6-இன் 4ஜி92, 1.8-இன் 4ஜி93 இரண்டுமே மிட்சுபிஷியின் ஒரே குடும்பம். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக்தான் வேறு: ஒன்றில் 77.5, மற்றதில் 89. அதனால் ஒன்று 1,597 சிசி, மற்றது 1,834. ஹெட்டைக் கழற்றி விட்டத்தை மட்டும் அளப்பவன் ஏமாந்துபோவான். ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்தால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்படும். பிளாக்கின் உயரமும் கூடுதல், பழகிய கண்ணுக்குத் தப்பாது.

"மாட்டிக்குவோம்னு சொல்லல. மாட்டலேன்னாலும் வேணாம்" என்றேன். அன்று அரை மணி நேரம் அறிவுரை சொன்னேன் என்று நினைக்கிறேன். பாவம், கேட்டுக்கொண்டான்.

கிள்ளான் பக்கம் ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் என்ஜின்கள் விற்கும் கடை ஒன்றில் 4ஜி92 பிளாக் 400 வெள்ளிக்குப் படிந்தது. புது பிளாக்கைவிடப் பழையதுதான் எனக்குப் பிடிக்கும். வார்ப்பிரும்பு பல வருடம் சூடாகி ஆறி, அதன் முறுக்கெல்லாம் தீர்ந்து அமைதியாகியிருக்கும். விரிசல் தேடினேன், மேற்பரப்பில் நேர்க்கம்பி வைத்து வெளிச்சம் பார்த்தேன், கிராங் உட்காரும் இடங்களைத் தடவிப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் பூசியிருந்த கிரீஸை மட்டும் சரியாகத் துடைக்கவில்லை. அவசரம். மழை வேறு வந்துகொண்டிருந்தது.

வீட்டில் கழுவியபோது தெரிந்தது. தண்ணீர் தேங்கித் துரு தின்ற பள்ளம், நகம் மாட்டும் அளவுக்கு. மற்ற மூன்று சிலிண்டர்களும் கண்ணாடி.

இப்போது என்ன செய்வது? பள்ளம் மறைய விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். நான்கு சிலிண்டரையும் 81.5 ஆக்கிப் பிஸ்டன் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. பட்டறையில் தினமும் செய்ததுதானே. "அப்படியே ரீபோர் பண்ணிடலாம்டா" என்றேன்.

அவன் போனைத் தட்டினான். "1,617 வருது மாமா."

"பதினேழு சிசி தானே? அதுல என்ன வேகம் கூடிடப் போவுது?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, போனைத் திருப்பிக் காட்டினான். ஒரு சிலிண்டரை மட்டும் 81.5 ஆக்கினாலும் 1,602. இரண்டு சிசி கூடுதல். அந்த ஒன்றை 81.25 ஆக்கினால் 1,600-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும், ஆனால் பள்ளம் போகாது, அந்த 0.25-இல் சுவரின் ஒரு பக்கத்தில் 0.125 மில்லிமீட்டர்தான் சீவப்படும்.

லைனர் அடிக்கலாம். சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து, உள்ளே புது உறை இறக்கி, மறுபடி 81-க்குக் கொண்டுவருவது. விதிப்படி சரிதான். டாக்சிகளுக்கு நானே எத்தனையோ அடித்திருக்கிறேன். ஆனால் கூலியும் லைனரும் சேர்ந்தால் இன்னொரு பிளாக்கின் விலையைத் தாண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் சிவப்புக் கோடு வரை முறுக்கப்போகிற என்ஜினில், நல்ல பிளாக் கிடைக்கும்போது அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

என்னை உறுத்தியது செலவு இல்லை. 237 சிசி திருடக் கூடாது என்று அரை மணி நேரம் பேசிய வாய், என் அவசரத்தில் வந்த தவறை மறைக்கப் பதினேழு சிசி கேட்டது. அவனாக இருந்தால் திட்டியிருப்பேன்.

மறுபடி கடைக்குப் போனோம். தவுக்கே பழைய பிளாக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். துடைத்துப் பார்க்காதது என் தப்பு, சண்டை போடவில்லை. இந்த முறை டயல் கேஜைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆறு பிளாக் அளந்தோம். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே, பிறகு கேஜைக் குறுக்கே திருப்பி மறுபடி. பையன் கேஜைப் பிடித்தான், நான் எழுதினேன். நாலாவதாகப் பார்த்தது தேறியது. அதிகமான தேய்மானமே மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு. லேசாக ஹோனிங் செய்து, பழைய அளவுப் பிஸ்டனையே போட்டுவிடலாம். ஹோனிங் செய்யும்போது மேலே கனமான தகடு ஒன்றை ஹெட் போல இறுக்கிக்கொண்டோம். ஹெட்டை முறுக்கியதும் சிலிண்டர் கொஞ்சம் கோணும். அந்தக் கோணலோடேயே வட்டமாக்கிவிட வேண்டும்.

எட்டு மாதம் ஆனது. முதல் பந்தயத்தில் 15.9 விநாடி. இரண்டாவது சுற்றிலேயே வெளியேறினோம். ஜெயித்தவன் கார் அப்படிப் பறந்தது. "மாமா, அது நிச்சயம் 1.8" என்றான் பையன். இருக்கலாம். ஹெட்டைத் திறக்கச் சொல்லிப் புகார் கொடுப்பதென்றால் பணம் கட்ட வேண்டும். எங்களிடம் பெட்ரோலுக்கும் ரொட்டிச்சானாய்க்கும்தான் இருந்தது.

பள்ளம் விழுந்த பிளாக் இன்னும் அக்கா வீட்டுப் போர்ட்டிகோவில் கிடக்கிறது. தரையெல்லாம் எண்ணெய்க் கறை என்று அக்கா தினமும் திட்டுகிறார். அடுத்த மாதம் அதை 81.5-க்கு ரீபோர் செய்து, அவர் சந்தைக்கு ஓட்டிப்போகும் வீராவில் ஏற்றப்போகிறோம். அனுமதிக்காக ஜேபிஜேயில் பாரம் கொடுக்கும் வேலை பையனுடையது.