அத்தாவின் கணினியும் அமானிதமும்

கடந்த ஆவணியில் என் அத்தா இறையழைப்பை ஏற்றார்கள். (அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக!) ஜனாஸாத் தொழுகைக்கு முன் அண்ணன் எழுந்து நின்று, நம் ஊர்களில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "எங்கள் அத்தா யாருக்கேனும் கொடுக்கவேண்டியது இருந்தால் எங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு நான் பொறுப்பு."

கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே தொழவைத்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. வாரிசுப் பங்கீட்டைச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனமும் மரண சாசனத்தையும் கடனையும் நிறைவேற்றிய பின்னர்தான் பங்கு என்கிறது. ஆனால் மூன்று நாட்களாகியும் எங்களிடம் ஒருவரும் வரவில்லை. கொடுக்கவேண்டியது இருந்தது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

உக்கடத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தவர்கள் அத்தா. கரும்புக்கடைப் பகுதியில் வங்கிக்குப் போகக் கூச்சப்படும் பெண்கள் பலர், ஐம்பதும் நூறுமாக அவர்களிடம் கொடுத்துவைப்பார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம் என்பதை அத்தா அடிக்கடி நினைவூட்டுவார்கள். முதலில் நீள நோட்டில் எழுதினார்கள். 2004இல் ஒரு கணினி வாங்கி, ஒரு விரலால் தட்டித் தட்டி அதில் ஏற்றினார்கள். "நோட்டைக் கரையான் தின்னும், இதைத் தின்னாது" என்பது அவர்களின் வாதம்.

கரையான் தின்னவில்லைதான். ஆனால் பொத்தானை அழுத்தியபோது விசிறி சுழன்றதே தவிர, திரை இருண்டே கிடந்தது. உள்ளிருந்து 'பீ...ப், பீ...ப்' என்று நீண்ட ஓலம் விட்டு விட்டு வந்தது.

"பூட் ஆகவில்லை" என்றேன். இத்தாவில் இருந்த அம்மா உள்ளறையிலிருந்து, "பூட்டா? சாவி அத்தா சட்டைப்பையில் இருக்கும் பார்" என்றார்கள். அந்தத் துயரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காந்திபுரத்தில் விசாரித்த அண்ணன், "ரொம்பப் பழசாம் பாப்பா. அப்படியே கடையில் கொடுத்துவிட்டால் வட்டைக் கழற்றிப் பார்ப்பார்களாம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. யார் எவ்வளவு சேமித்தார்கள் என்பது மட்டுமா அதில் இருக்கிறது? எந்த வீட்டில் எந்த மாதம் அரிசிக்குக் கைமாற்று வாங்கினார்கள் என்பதும் இருக்குமே! அது அயலார் கண்ணில் படுவதை அத்தா விரும்பியிருக்கமாட்டார்கள். 1996இல் நான் படித்த கணினி டிப்ளமோ, திருமணத்துக்குப் பின் பெட்டியடியில் உறங்கிக் கிடந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லித் திருப்புளியைக் கையில் எடுத்தேன்.

இத்தகைய வேலையில் வெளியிலிருந்து உள்ளே போகவேண்டும். மின்சாரம் வருகிறதா, கம்பிகள் இறுக்கமாக உள்ளனவா என்று முதலில் பார்த்தேன். விசிறி சுழன்றதால், 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி முற்றிலும் செத்துவிடவில்லை என்று தெரிந்தது. (அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகள் அடிக்கும்.) இனி, அந்த ஓலம். கணினி விழித்தவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். திரை வேலை செய்யும் முன்பே குறை தெரிந்தால் அதற்கு ஒலியைத் தவிர வேறு மொழி இல்லை. அக்காலக் கணினிகள் பலவற்றில், நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் ராம் எனும் நினைவகத்தில் கோளாறு என்று பொருள்.

இணைப்பைத் துண்டித்துப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். பஞ்சாலை நகரத்தின் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. அத்தா ஆனியிலிருந்தே மருத்துவமனையில் இருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக் காற்று இரண்டு மாதங்கள் இதற்குள் குடியிருந்திருக்கிறது. பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ராம் அட்டையை உருவினேன். அதன் பொன்னிற விளிம்பு மங்கியிருந்தது. மகனின் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, இருபுறக் கொக்கிகளும் 'டக்'கென்று விழும்வரை அழுத்திப் பொருத்தினேன்.

இம்முறை ஒரே ஒரு குறுகிய 'பீப்'. அல்ஹம்துலில்லாஹ்! திரையிலும் வெளிச்சம் வந்தது.

ஆனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. அமைப்புகளைக் காணோம் என்ற அறிவிப்பு வேறு. தாய்ப்பலகையில் உள்ள வட்டக் காசு போன்ற சி.ஆர்.2032 மின்கலம்தான் அவற்றைக் காத்துவைப்பது. மூன்று வோல்ட் காட்டவேண்டியது, அத்தாவின் பட்டறை மீட்டரில் ஒன்றரைகூடக் காட்டவில்லை. கைக்கடிகாரக் கடையில் புதியது வாங்கிப் போட்டேன்.

அதன் பிறகும் அடம்! இது இயக்கவட்டு அல்ல என்று ஒரு வரி. அரைமணி நேரம் விழித்தேன். நினைவிழந்த கணினி பழைய இயல்புப்படி முதலில் பிளாப்பியைத் தேடுகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. வாயிலை அழுத்தினேன், ஒரு பிளாப்பி வெளியே வந்தது. 'கணக்கு - நகல்' என்று அத்தாவின் கையெழுத்து. 1.44 மெகாபைட் கொள்ளும் அந்தத் தகட்டைப் பிறகு படிக்க முயன்றேன், படியவில்லை. நகல் போய்விட்டது, அசல் இருந்தது. பிளாப்பியை எடுத்ததும் விண்டோஸ் எக்ஸ்.பி. எழுந்தது. மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்ட மென்பொருள் அது. இணையத்தோடு ஒருபோதும் இணைக்கப்படாததால் கவலையின்றிக் கிடந்தது.

கோப்பை என் செல்பேசிக்கு மாற்றிப் பார்த்தால் வெறும் குறிகளும் கோடுகளும்தான். அத்தா தட்டியது பழைய எழுத்துருவில். ஆளுக்கொரு எழுத்துமுறை இருந்த காலம் அது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என இரு முறைகளை ஏற்றும் குழப்பம் தீரவில்லை. 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் யூனிகோடு அரசுத் தரமாயிற்று. ஆகவே திரையைப் பார்த்துப் பார்த்து, இரவு முழுவதும் ஒரு நோட்டில் கையால் எழுதினேன். கரையான் தின்னக்கூடிய நோட்டுதான்!

அத்தா கொடுக்கவேண்டியவர்கள் நால்வர். வாங்கியவர்கள் பலர். பல பெயர்களுக்கு நேரே 'விட்டாச்சு' என்று இருந்தது. அவற்றை நோட்டில் நான் எழுதவேயில்லை. அண்ணன் பெயரில் 3,000 ரூபாய் இருந்தது. அதற்கு நேரே மட்டும் அந்தச் சொல் இல்லை. அண்ணன் நெடுநேரம் பேசவில்லை.

நால்வரில் ஒருவர், இட்லி மாவு அரைத்து விற்கும் அடுத்த தெரு மாமி. மவுத்தான நாள் முதல் அம்மாவுக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்தவர். ஒரு வார்த்தை கேட்டதில்லை. 18,450 ரூபாயை அவர் கையில் வைத்தபோது பதறிவிட்டார். "என்கிட்டச் சீட்டுகூட இல்லையே கண்ணு, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நோட்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அத்தா எழுதினதைக் காட்டு. என் பேர் எங்கே இருக்குன்னு பார்க்கணும்" என்றார்.

முன்னறைக்கு அழைத்துச் சென்று பொத்தானை அழுத்தினேன். ஒரு 'பீப்' கேட்டது. மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு திரையெதிரே அமர்ந்தார்.