தோட்டத்து உரமும் வீட்டுக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையிலே தேங்குகின்றது. அந்நன்னீரே கடலின் உவர்நீர்மேல் மிதந்து நம்மைக் காத்து வருகின்றது. தோட்டத்துக்கு இறைப்பதும் அதுவே; குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அதுவே.

ஆதலால், நிலத்தில் மிகையாக இடுவது கிணற்றை வந்தடையாமல் இராது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளையும் வலிகாமத்துச் செம்மண்ணிலே, பயிர் உண்ணாது விட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி, இறைக்கும் நீரோடு கீழிறங்குகின்றது. மலசலக் குழிகளும் இதற்குத் துணைபோகின்றன. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இப்பகுதிக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவு மிகுந்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும்.

இதனை வகுப்பிலே விளக்கியபோது, தோட்டக்காரர் ஒருவரின் மகன் எழுந்து, "பசளையைக் குறைத்தால் விளைச்சல் குறையாதா, சேர்? அந்த நட்டத்தை யார் தருவார்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. கடன்பட்டுப் பயிர் செய்பவருக்கு உபதேசம் மட்டும் செய்வது அறமாகாது. ஆணையிடுவதும் பயன்தராது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்தது. கமக்காரர் பெரிதும் இடர்ப்பட, அவ்வாண்டு முடியுமுன்னரே தடையை விலக்க நேர்ந்தது.

அம்மாணவனுக்கு நான் கூறியது இதுதான்: "தோட்டம் முழுவதையும் மாற்றும்படி அப்பாவிடம் சொல்லாதே. ஒரு பரப்பை மட்டும் கேள். மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு பசளையைப் பல தடவையாகப் பிரித்து இடுங்கள். இட்டவுடன் வெள்ளமாக இறைக்காதீர்கள். பயிரில்லாக் காலத்தில் சணல் விதைத்து மடக்கி உழுங்கள், பூவரசங்குழை தாழ்க்கலாம். எருவும் அளவு மிஞ்சினால் நைத்திரேற்றே ஆகும் என்பதை மறவாதே. செலவையும் விளைவையும் நீயே கொப்பியில் எழுதி, மற்றப் பரப்புகளோடு ஒப்பிட்டுக் காட்டு."

முதற் பரப்பின் நட்டத்துக்கு அரசும் சங்கங்களும் பொறுப்பேற்குமாயின், இரண்டாம் பரப்பை எவரும் வற்புறுத்த வேண்டியதில்லை. பசளைச் செலவு மிஞ்சுவதைக் கண்ணாற் கண்ட தோட்டக்காரர் தாமே அதனைச் செய்வார். தம் பிள்ளை குடிக்கும் கிணறும் அதனாற் பிழைக்கும்.